வெளியேறும் வெளிச்சம்

உப்புப் போட்ட உலை பொங்கி, கேஸ் அடுப்பின் நீலச் சுடர்மேல் வழியும்போது சுடரின் ஓரம் சட்டென்று மஞ்சளாகும். எல்லாச் சமையலறைகளிலும் நடப்பதுதான். யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த மஞ்சள் சோடியத்தினுடையது. உப்பிலிருக்கும் சோடியம் சுடரின் சூட்டில் தனித்தனி அணுக்களாகப் பிரிந்து, அந்தச் சூட்டில் கொஞ்சத்தை வாங்கி, 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியாகத் திருப்பி விடுகிறது. சூட்டின் அடையாளமாகவே நமக்குப் பழகிப்போன இதே மஞ்சளைக் கொண்டு 1985-இல் ஸ்டீவன் சூவும் அவருடைய கூட்டாளிகளும் சோடியம் அணுக்களைக் குளிர வைத்தார்கள். இடம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வகம். அவர்கள் எட்டிய வெப்பநிலை 240 மைக்ரோகெல்வின். அதற்குக் கீழே குளிரே கிடையாது என்னும் தனிச்சுழி வெப்பநிலை மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே ஒரு டிகிரியில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு தூரத்தில் அந்த அணுக்கள் இருந்தன. விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் வெட்டவெளியில்கூடப் பெருவெடிப்பின் எச்சமாக 2.7 கெல்வின் வெதுவெதுப்பு பரவியிருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் ஹோம்டெல் அணுக்கள் பத்தாயிரம் மடங்குக்கு மேல் குளிர்ந்தவை.

ஒளி பட்டால் பொருள் சூடாகும் என்பதைப் பச்சைக் குழந்தைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மொட்டைமாடியில் வத்தல் காய்வதும், பூதக்கண்ணாடிக்குக் கீழே காகிதம் பற்றிக்கொள்வதும், லேசர் இரும்புத் தகட்டை வெட்டுவதும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. அப்படியிருக்க அது எப்படிக் குளிர்விக்கும்? வழக்கமாகச் சொல்லப்படும் பதில் இது: ஓடிவரும் அணுவை எதிரிலிருந்து ஒளியால் அடித்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் குளிர்ச்சி. இந்தப் பதில் தவறில்லை, ஆனால் பாதிதான். அந்தப் பாதியையே முழுசு என்று நம்பினால், 1988-இல் ஒரு சோதனைச்சாலையில் கிடைத்து, அதுவரை இருந்த கோட்பாட்டைக் கவிழ்த்த எண் கடைசிவரை விளங்காது. என் வாதம் வேறு. அணுவைக் குளிர்விப்பது அதன்மேல் போய் விழும் ஒளி அல்ல, அணுவிடமிருந்து புறப்பட்டுப் போகும் ஒளி. ஃப்ரிட்ஜ் எப்படிக் குளிர்கிறது என்று அறிய நினைப்பவர் உள்ளே கைவிட்டுப் பார்த்தால் போதாது. பின்பக்கத்தைத் தொட வேண்டும், சூடு அங்கேதான் இருக்கிறது. அணுக்களின் ஃப்ரிட்ஜுக்கும் ஒரு பின்பக்கம் உண்டு.

முதலில் அந்தப் பாதிப் பதிலைப் பார்த்துவிடலாம். ஒளி தள்ளும் என்ற எண்ணம் பழையது. வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக நீள்வதைக் கண்ட கெப்ளர், சூரிய ஒளிதான் அதைத் தள்ளுகிறது என்று பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நினைத்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு மாஸ்கோவில் பியோத்தர் லெபெதேவ் அந்தத் தள்ளலை மெல்லிய தகடுகளைக் கொண்டு அளந்தே காட்டினார். ஃபோட்டான் எனப்படும் ஒளித்துகள் ஆற்றலை மட்டுமல்லாமல் உந்தத்தையும் சுமக்கிறது, அணு அதை வாங்கும்போதும் உதைபடும், விடும்போதும் உதைபடும் என்பது 1917-இல் ஐன்ஸ்டைன் சொன்னது. 1933-இல் ஹாம்பர்க்கில் ஓட்டோ ஃபிரிஷ் ஒரு சோடியம் விளக்கின் ஒளியைச் சோடியம் அணுக்கற்றையின் குறுக்கே பாய்ச்சி, கற்றை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு விலகுவதைப் பார்த்தார். அதே ஆண்டு, ஹிட்லர் அரசின் யூத எதிர்ப்புச் சட்டத்தால் வேலை பறிபோய் அவர் ஜெர்மனியை விட்டே வெளியேற நேர்ந்தது. லேசர் பிறக்க இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன.

ஒரு ஃபோட்டானின் உதை எவ்வளவு பெரியது? சோடியம் அணுவின் வேகத்தை அது நொடிக்கு 3 சென்டிமீட்டர் மாற்றும். எறும்பு ஊரும் வேகம்தான். சூடான உலைக்கலனிலிருந்து பீறிட்டு வரும் சோடியம் அணுவோ நொடிக்கு 1000 மீட்டர் வேகத்தில் வருகிறது. எறும்பு உதைத்து எக்ஸ்பிரஸ் ரயிலை நிறுத்துகிற கதை போல இருக்கும். ஆனால் உதைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். சோடியம் அணு தான் விழுங்கிய ஃபோட்டானைச் சராசரியாக 16 நானோநொடிதான் வைத்திருக்கும். பிறகு துப்பிவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிடும். ஒளி போதுமான அளவு வலுவாக இருந்தால் நொடிக்கு 3 கோடி உதைகள் விழும். பூமியின் ஈர்ப்பைப் போல ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு பிரேக் அது. சுமார் 34,000 உதைகளில், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில், அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் அணு நின்றுவிடும் என்கிறது கணக்கு. வேகம் குறையக் குறைய அணு காணும் ஒளியின் அதிர்வெண் மாறிவிடுமே என்ற சிக்கலை, வழிநெடுகப் படிப்படியாக மாறும் காந்தப்புலத்தால் ஈடுகட்டினார்கள் வில்லியம் பிலிப்ஸும் ஹரால்டு மெட்காஃபும். 1980-களின் முதல் பாதியில், மேரிலாண்ட் மாநிலத்தின் கெய்தர்ஸ்பர்க்கில், அமெரிக்க அரசின் அளவைத் தர நிறுவனத்தில் இது நடந்தது.

ஆனால் நிறுத்துவது வேறு, குளிர்விப்பது வேறு. ரயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் உள்ளே பயணிகள் அவரவர் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். பிளாட்பாரத்தில் நிற்கும் கூட்டம் எங்கும் போகாமலேயே ஒருவரையொருவர் முண்டியடிக்கலாம். வெப்பநிலை என்பது அந்த முண்டியடிப்பின் அளவு, பயண வேகத்தின் அளவு அல்ல. எல்லா அணுக்களையும் ஒரே மாதிரித் தள்ளும் விசை எதுவும் இந்த முண்டியடிப்பைக் குறைக்காது. மலையேற வைத்தாலும், காந்தத்தால் வளைத்தாலும், வேகங்களின் வேறுபாட்டைக் குறைத்தால் அணுக்கள் பரவிப் போகும். நெருக்கிச் சேர்த்தால் வேறுபாடு கூடும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும் பலூன் இது. பலூனிலிருந்து காற்றையே வெளியேற்ற வேண்டுமானால் இரண்டு தேவை: வேகத்தைப் பார்த்து ஆளுக்குத் தகுந்த மாதிரி அடிக்கும் விசை ஒன்று, அந்தக் குழப்பம் வெளியே போவதற்கு ஒரு வாசல் இன்னொன்று. பாதிப் பதில் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறது.

முதலாவதை 1975-இல் இரண்டு இணைகள் தனித்தனியே முன்வைத்தன: சுதந்திரமாக அலையும் அணுக்களுக்குத் தியோடர் ஹேன்ஷும் ஆர்தர் ஷாலோவும், மின்புலப் பொறியில் அடைபட்ட அயனிகளுக்கு டேவிட் வைன்லண்டும் ஹான்ஸ் டெமல்ட்டும். ரயில் நெருங்கும்போது ஹாரனின் சுருதி ஏறிக் கேட்கும், விலகும்போது இறங்கிக் கேட்கும். அணுவுக்கும் ஒளி அப்படித்தான். லேசரின் அதிர்வெண்ணை, அணு விரும்பும் அதிர்வெண்ணுக்கு ஒரு மயிரிழை கீழே வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் அணுவுக்கு அந்த ஒளி பிடிக்காது. லேசரை நோக்கி ஓடும் அணுவுக்கோ சுருதி ஏறிச் சரியாகப் பொருந்தும். அது விழுங்கும், எதிர் உதை வாங்கும். விலகி ஓடும் அணு கண்டுகொள்ளாது. ஆறு திசைகளிலிருந்தும் இத்தகைய கற்றைகளைப் பாய்ச்சினால், அணு எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பக்கத்து ஒளி மட்டும் அதை மறிக்கும். பொறியில் சிக்கிய அயனிகளில் 1978-லேயே இது பலித்துவிட்டது: கொலராடோவின் போல்டரில் மக்னீசியம் அயனிகள், ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பேரியம் அயனிகள். மின்னூட்டமுள்ள அயனியைப் பிடித்து வைக்க மின்புலம் இருந்தது. நடுநிலை அணுவைப் பிடித்து வைக்க எதுவுமில்லை, அதனால் அதற்கு இன்னும் ஏழு ஆண்டு.

இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். அணு விழுங்கியது மயிரிழை குறைந்த அதிர்வெண் உள்ள ஃபோட்டான், அதாவது ஆற்றல் குறைந்த ஃபோட்டான். அது துப்புவதோ சராசரியாகத் தன் இயல்பான அதிர்வெண்ணில், எல்லாத் திசைகளிலும். வாங்கியது குறைவு, கொடுத்தது கூடுதல். இடைவெளியை அணு எங்கிருந்து நிரப்பியது? தன் ஓட்டத்திலிருந்து. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் அணுவுக்கு இந்த வித்தியாசம், ஃபோட்டானின் ஆற்றலில் 30 கோடியில் ஒரு பங்கு. ஒரு ரூபாய் கடன் வாங்கி, ஒரு ரூபாயோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு வட்டி சேர்த்துக் கொடுப்பது போல. நொடிக்கு லட்சக்கணக்கில் இந்தப் பரிமாற்றம் நடக்கும்போது அந்தத் தூசிலேயே அணுவின் சொத்து கரைந்துவிடுகிறது. சோதனைக் கலத்தின் சாளரத்தில் எட்டிப் பார்த்தால் வெற்றிடத்தின் நடுவே மிதக்கும் மஞ்சள் பொட்டு ஒன்று தெரியும். அது அணுக்களின் மேல் விழும் ஒளி அல்ல, அவை துப்பிய ஒளி. அதுதான் ஃப்ரிட்ஜின் பின்பக்கம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். துப்பும்போதும் அணு உதைபடுகிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக மேலேதான் பார்த்தோம். திசை தெரியாத அந்த உதைகள் அணுவை மறுபடி சூடாக்கிவிடாதா? சூடாக்கும். ஆனால் விழுங்கும்போது விழும் உதைகள் ஒரே திசையில் கூடுகின்றன. துப்பும்போது விழுபவை குடிகாரன் நடையைப் போல முன்னும் பின்னும் போய்ப் பெரும்பாலும் தமக்குள் கழிந்துவிடுகின்றன. அந்த 34,000 உதைகளை எடுத்துக்கொண்டால், எதிர்த்திசை உதைகள் சேர்ந்து நொடிக்கு 1000 மீட்டர் வேகத்தைக் கரைக்கும்; திசைகெட்ட உதைகள் சேர்ந்து உண்டாக்கும் சிதறல் நொடிக்கு 5 மீட்டர் அளவில்தான் நிற்கும். ஆகவே ஆட்சேபம் குளிர்ச்சியைத் தடுக்கவில்லை, அதற்கு ஒரு தரையைப் போடுகிறது. வேகம் குறையக் குறையத் தூசு வட்டியும் குறைகிறது, உதைகளோ குறைவதில்லை. இரண்டும் சமமாகும் இடத்தில் குளிர்ச்சி நிற்கும். சோடியத்துக்கு அந்த இடம் 240 மைக்ரோகெல்வின். ஹோம்டெல் குழு 1985-இல் அளந்ததும் அதே எண். ஆறு கற்றைகள் கூடுமிடத்தில் அணுக்கள் வெல்லப்பாகில் விழுந்த எறும்பைப் போல நகர முடியாமல் நகர்ந்தன; அதனால் அந்த ஏற்பாட்டுக்கே ஒளிப்பாகு என்று பெயர் விழுந்தது. பாகு பிடித்து வைக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் டாலிபார் கொடுத்த யோசனையின்படி சிறிய காந்தப்புலம் ஒன்றைச் சேர்த்ததும் பாகு பொறியானது. 1987-இல் 1 கோடி சோடியம் அணுக்கள் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த இடத்தில் 2 நிமிடம் வரை தங்கின.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட ஆழமானது. அதை எழுப்பியவர்களும் சாதாரண ஆட்கள் அல்லர். சூட்டை எடுத்து ஒளியாக்கி விடலாம் என்றால் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்னாவது? ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி, மொத்தத்தில் குறையவே கூடாதே? ஒளிரும் பொருள் தான் வாங்கியதைவிட அதிக ஆற்றலுள்ள ஒளியை விட்டுக் குளிரலாம் என்று 1929-இல் பீட்டர் பிரிங்ஸ்ஹைம் எழுதினார். அப்படிக் கூடுதல் ஆற்றலோடு ஒளி வெளியேற முடியும் என்பது அப்போது புதிதல்ல. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் அதற்கு முந்தைய ஆண்டு கல்கத்தாவில் கண்டறிந்த சிதறலில், மூலக்கூறின் அதிர்விலிருந்து ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு போகும் கதிர்களும் உண்டு. ஆனால் அதையே தொழிலாக வைத்து ஒரு பொருளைக் குளிர்விப்பது இரண்டாம் விதிக்கு விரோதம் என்று சோவியத் ஒளியியலாளர் செர்கேய் வாவிலோவ் மறுத்தார். இருவருக்கும் இடையே எழுத்துச் சண்டை நடந்தது. 1946-இல் லெவ் லாந்தாவ் ஒரு சிறு கட்டுரையில் அதைத் தீர்த்துவைத்தார். ஒளிக்கும் என்ட்ரோபி உண்டு என்பதே அவருடைய பதிலின் சாரம். ஒரே திசையில், ஒரே நிறத்தில் வரும் கற்றையில் குழப்பம் மிகக் குறைவு. எல்லாத் திசைகளிலும் சிதறிப் போகும் ஒளியில் குழப்பம் அதிகம். அணுக்களிடமிருந்து குறைந்த ஒழுங்கின்மை, போகும் ஒளியில் அதைவிடப் பெரிதாகப் பதிவாகிவிடுகிறது. விதி தப்பியது. இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று: ஒளி உள்ளே போவதை மட்டும் பார்த்தால் இந்த ஆட்சேபத்துக்குப் பதிலே இல்லை. பதில் முழுக்க வெளியேறும் பக்கத்தில் இருக்கிறது. லேசர் எதற்கு என்பதும் இங்கேதான் புரிகிறது. அது வலுவான ஒளி என்பதைவிட ஒழுங்கான ஒளி என்பதே இங்கே முக்கியம்.

1988-க்கு வருவோம். கெய்தர்ஸ்பர்க்கில் பிலிப்ஸின் குழு ஒளிப்பாகின் வெப்பநிலையை வேறொரு முறையில் அளக்கத் தொடங்கியது. லேசர்களைச் சட்டென்று அணைத்துவிட்டு, அணுக்கள் கீழே ஒரு மெல்லிய ஒளித்திரையை எப்போது கடக்கின்றன என்று பார்ப்பது. சூடான கூட்டமென்றால் சில அணுக்கள் முந்தும், சில பிந்தும். குளிர்ந்த கூட்டமென்றால் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சேரும். வந்த எண் 43 மைக்ரோகெல்வின், பிழைக்கு இடம் 20. கோட்பாடு விதித்த தரைக்கு வெகு கீழே! சோதனை கோட்பாட்டைவிட நன்றாக வேலை செய்தால் ஆய்வாளர் மகிழ வேண்டும் என்று தோன்றும். நடைமுறையில் முதலில் வருவது சந்தேகம்தான். வேறு முறைகளால் அளந்தார்கள், எண் அசையவில்லை. கோட்பாடு சொன்ன இடத்தைவிட லேசரை இன்னும் கீழே நகர்த்தினால்தான் குளிர்ச்சி கூடியது. சிறு காந்தப்புலம் இருந்தாலும் குளிர்ச்சி கெட்டது. பழைய கோட்பாட்டில் இவற்றுக்கு இடமே இல்லை. அது அணுவை ஒரு கீழ்ப்படி, ஒரு மேல்படி உள்ள எளிய ஏணியாக நினைத்திருந்தது. உண்மையான சோடியம் அணுவின் கீழ்ப்படியே பல உள்படிகளாகப் பிரிந்து கிடக்கிறது.

விளக்கம் பாரிஸில் டாலிபாரிடமிருந்தும் குளோத் கோஹன்-தனூஜியிடமிருந்தும், அமெரிக்காவில் சூவின் குழுவிடமிருந்தும் வந்தது. எதிரெதிர்க் கற்றைகள் கலக்கும் இடத்தில் ஒளியின் முனைவாக்கம், அதாவது அதன் மின்புலம் அதிரும் விதம், எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சோடியத்தின் ஒளிக்குச் சுமார் 150 நானோமீட்டருக்கு ஒருமுறை அதன் சுழற்சி இடமும் வலமுமாக மாறும். இதனால் அணுவின் உள்படி ஒவ்வொன்றுக்கும் ஆற்றல் மேடும் பள்ளமுமாக ஆகிறது. ஒன்றின் மேடு இருக்குமிடத்தில் மற்றொன்றின் பள்ளம். அணு மேட்டில் ஏறுகிறது, வேகத்தை இழக்கிறது. சரியாக உச்சிக்குப் பக்கத்தில்தான் ஒளி அதைப் பிடித்து இன்னோர் உள்படிக்கு மாற்ற வாய்ப்பு அதிகம். மாறிய மறுகணம் அது ஒரு பள்ளத்தின் அடியில் நிற்கிறது. மறுபடி ஏற்றம். பாறையை மலையுச்சிக்கு உருட்டி உருட்டி மீண்டும் அடிவாரத்தில் காணும் கிரேக்கக் கதையின் சிசிஃபஸ் பெயரை இதற்கு வைத்தார்கள். நமக்கு வேதாளம் முருங்கை மரம் ஏறுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் அதில் களைப்பது விக்கிரமாதித்தன், வேதாளம் அல்ல, அதனால் கிரேக்கப் பெயரே இருக்கட்டும். ஏறியதால் வந்த உயரம் எங்கே போயிற்று? உச்சியில் விழுங்கிய ஃபோட்டானைவிட, பள்ளத்துக்கு இறங்கும்போது துப்பிய ஃபோட்டானுக்கு அந்த மேட்டின் அளவு ஆற்றல் கூடுதல். இங்கே எதிரில் வந்து அடிக்கும் ஒளியின் உதை முக்கியமே இல்லை. பாதிப் பதில் முழுதாகத் தோற்றுப்போகும் இடம் இது. கணக்குப் புத்தகமோ அப்படியே நிற்கிறது: வாங்கியது குறைவு, கொடுத்தது கூடுதல். பிலிப்ஸ், சூ, கோஹன்-தனூஜி மூவரும் 1997-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

விவரம் தெரிந்த ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: அணு தானாகத் துப்பும் ஒளி இல்லாமலும் குளிர்விக்கலாமே, கண்ணாடிகளுக்கு நடுவே அணுவை வைத்துச் செய்கிறார்களே என்று. உண்மைதான். ஜெர்மனியின் கார்ஹிங்கில் 2004-இல் தனி ரூபிடியம் அணு ஒன்றை இரண்டு கண்ணாடிகளுக்கிடையே அப்படிக் குளிர்வித்தார்கள். அங்கே அணு கிளர்ச்சியடைவதே அரிது. ஆனால் கண்ணாடிகளுக்கிடையே இருந்த ஒளி அணுவின் ஓட்டத்தால் அதிர்வெண் கூடி, கண்ணாடி வழியாகக் கசிந்து போகிறது. வாசல் அணுவிலிருந்து கண்ணாடிக்கு மாறியிருக்கிறது, வாசல் இல்லாமல் போகவில்லை. என் வாதத்தை இந்தச் சோதனை திருத்துகிறது என்றால், ‘அணு துப்பும் ஒளி’ என்பதை ‘வெளியேறும் ஒளி’ என்று மாற்றும் அளவுக்குத்தான்.

வெளியேறும் ஒளியை நம்பியிருப்பதால் அதன் குறையும் கூடவே வருகிறது. கடைசி ஃபோட்டானும் நொடிக்கு 3 சென்டிமீட்டர் உதையைக் கொடுத்துவிட்டுத்தான் போகும். சோடியத்தில் அந்த ஒற்றை உதையின் மதிப்பு 2.4 மைக்ரோகெல்வின். அடர்த்தி கூடக் கூட இன்னொரு தொல்லை: ஓர் அணு துப்பியதைப் பக்கத்து அணு விழுங்கிவிடும், பின்பக்கத்துச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையிலிருந்து பிறந்த கணிப்பு, போதுமான குளிரிலும் அடர்த்தியிலும் அணுக்கள் எல்லாம் ஒரே குவாண்டம் நிலைக்குள் சரிந்துவிடும் என்றது. லேசர் குளிர்ச்சியால் மட்டும் அன்று அங்கே போய்ச் சேர முடியவில்லை. ஆகவே எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் 1995 ஜூன் மாதம் போல்டரில் செய்தது இது: ரூபிடியம் அணுக்களை முதலில் ஒளியால் குளிர்வித்து, பிறகு லேசர்களை அணைத்து, இருட்டில் காந்தப் பொறிக்குள் வைத்து, மிகச் சூடான அணுக்களை மட்டும் ரேடியோ அலையால் வெளியே தள்ளிக்கொண்டே போனார்கள். மண்பானை செய்யும் வேலைதான். பானையின் நுண்துளை வழியே கசிந்து ஆவியாகும் நீர், தன் பங்குக்கு மேலான சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் மிஞ்சிய நீர் குளிர்கிறது. 170 நானோகெல்வினில் அணுக்கள் ஒன்றாகச் சரியத் தொடங்கின. இறுதியில் மிஞ்சியவை ஏறக்குறைய 2000. பானையில் போவது நீர், பாகில் போவது ஒளி. போகிறது எதுவானாலும் தன் பங்குக்கு மேல் எடுத்துப் போக வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றே.

இதை வைத்து ஏ.சி. செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அறை வெப்பநிலையிலுள்ள 100 கோடி அணுக்களின் இயக்க ஆற்றல் முழுவதையும் உறிஞ்சினாலும் அது ஒரு ஜூலின் லட்சம் கோடியில் 6 பங்கு. ஒரு சொட்டு நீரை 1 டிகிரி குளிர்விக்க இதைப் போல 3000 கோடி மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே அணுப்பாகு அறையைக் குளிர்விக்காது. பிரிங்ஸ்ஹைம் வழி சற்று வேறு. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அதே 1995-இல், யிட்டர்பியம் கலந்த கண்ணாடித் துண்டு ஒன்று லேசர் பட்டு ஒரு டிகிரியில் பத்தில் மூன்று பங்கு குளிர்ந்தது; பின்னர் இதே வகையில் படிகங்களை 91 கெல்வின் வரை இறக்கியிருக்கிறார்கள். நடமாடும் பாகமோ அதிர்வோ இல்லாத குளிர்பெட்டி என்பதால் விண்கலக் கருவிகளுக்கு ஆகும். அணுக்களைக் குளிர்விப்பதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. உலகின் நொடி, சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என்று 1967-இல் வரையறுக்கப்பட்டது. அதைத் துல்லியமாக எண்ண அணுவை நெடுநேரம் பார்க்க வேண்டும். 1950-களில் எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் சகரையாஸ் சீசியம் அணுக்களை நீரூற்றைப் போல மேலே எறிந்து கீழே விழும்வரை பார்க்க முயன்றார். வேகமான அணுக்கள் மெதுவானவற்றை முட்டித் தள்ளிவிட, ஒன்றும் திரும்பி வரவில்லை. ஒளி குளிர்வித்த சீசியம் கூட்டமோ நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் விரிகிறது. 1999-இல் போல்டரில் இயங்கத் தொடங்கியது போன்ற நீரூற்றுக் கடிகாரத்தில் அணுக்களை லேசர்கள் குளிர்வித்து மேல்நோக்கித் தட்டிவிடும். அவை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறி, ஒரு நொடியில் திரும்பி விழும். அந்த ஒரு நொடி முழுக்க, குளிர்வித்த லேசர்கள் எல்லாம் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.